வீட்டில் வைத்தே குணமாக்க முடியுமா? சென்னை கேட்ட கேள்வி
(வானொலி உரையின் எழுத்து வடிவம்)



சென்னையில் மின்சார ரயிலில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை போனவர்களுக்கு, தாம்பரத்துக்கு முந்தின நிலையத்தின் பெயர் தெரிந்திருக்கும்: தாம்பரம் சானடோரியம். அன்றாடம் அங்கே ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லின் பொருளை நினைத்துப் பார்க்கிறார்களோ தெரியாது. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காக அங்கே ஒரு மருத்துவமனை தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. சானடோரியம் என்றால் இப்படிப்பட்ட காசநோய் மருத்துவமனை. ஊருக்கு வெளியே, நல்ல காற்று, மரநிழல், பால், முட்டை, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே ஓய்வு. ஐரோப்பாவில் பிறந்த இந்த முறையை நம்மவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் மிஷன் சபைகள் சேர்ந்து நடத்திய ஆரோக்கியவரம் இதே வகையைச் சேர்ந்தது. பெயரே பாருங்கள், எவ்வளவு ஆசையோடு வைத்திருக்கிறார்கள்.

பெரியவர்கள் இந்த நோயை எலும்புருக்கி நோய் என்பார்கள், சயரோகம் என்பார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அவருடைய தட்டு தனி, தம்ளர் தனி. பெண்ணாக இருந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெண் பார்க்கும் இடத்தில் அந்தப் பேச்சே எழாமல் பார்த்துக்கொள்வார்கள். இது கேள்விப்பட்ட பழங்கதை மட்டும் இல்லை, இன்றும் நம் பங்குகளில் இருக்கிறது.

இன்று உங்களோடு பேச நினைப்பது இந்த நோயைச் சுற்றி நடந்த ஒரு கூட்டு முயற்சியைப் பற்றி. பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் மருத்துவத்தில் கைகோத்துக்கொள்வதைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தி வைத்தபோது, பல நாடுகளில் காசநோய்ப் பணி அப்படியே தடுமாறியது. ஒரு தலைநகரில் போட்ட கையெழுத்து வேறொரு கண்டத்தில் ஒரு தாயின் மாத்திரையை நிறுத்திவிடுகிறது என்றால், அந்த உறவுக்கு என்ன பெயர் சொல்வது? இந்தக் கேள்வியோடுதான் நான் 1956-ஆம் ஆண்டுச் சென்னைக்குத் திரும்பிப் போனேன். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. குருமடத்தில் இறையியலும் வரலாறும் படித்தவன். வரலாறு படித்தவனாகவே இதைச் சொல்கிறேன்.

முதலில் அன்றைய நிலைமை. விடுதலைக்கு முந்தின ஆண்டு, 1946-இல், சர் ஜோசப் போர் தலைமையிலான குழு இந்தியாவின் சுகாதார நிலை பற்றி அறிக்கை தந்தது. அதன் மதிப்பீட்டில் நாட்டில் காசநோயாளிகள் சுமார் 25 லட்சம், ஆண்டுதோறும் இறப்பவர்கள் சுமார் 5 லட்சம். மருத்துவமனைப் படுக்கைகளோ மொத்தம் 6,000 அளவில். ஒரு படுக்கைக்கு நானூறு பேர். பிறகு வந்த ஆண்டுகளில் படுக்கைகள் கூடின என்றாலும் கணக்கு மாறவில்லை. எத்தனை தாம்பரம் கட்டினாலும் போதாது.

இதற்குள் மருந்து வந்துவிட்டது. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின், அடுத்த ஆண்டு பி.ஏ.எஸ்., 1952-இல் ஐசோனியசிட். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் அடங்குகிறது என்று பணக்கார நாடுகள் கண்டுகொண்டன. ஆனால் அங்கே மருந்தும் கொடுத்தார்கள், சானடோரியப் படுக்கையும் கொடுத்தார்கள். குணமானது மருந்தாலா, படுக்கையாலா, பாலாலா, காற்றாலா? படுக்கை இருந்த நாட்டுக்கு அந்தக் கேள்விக்கு அவசரமாக விடை தேவைப்படவில்லை. படுக்கை இல்லாத நாட்டுக்கு அதுதான் உயிர்க் கேள்வி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஆராய்ச்சி என்றால் கருவி, பணம், நிபுணர் என்று நினைக்கிறோம். கேள்வி யாருடையது என்று கேட்பதில்லை. சென்னையில் நடந்த காரியத்தில் எனக்குப் பிடித்தது, கேள்வி நம்முடையதாக இருந்தது. மருத்துவமனையில் இடம் இல்லாத ஏழையை, அவன் குடியிருக்கும் ஒற்றை அறையில் வைத்தே குணமாக்க முடியுமா? அப்படி வைத்தால் அவன் பிள்ளைகளுக்கு நோய் ஒட்டாதா?

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் பிறந்தது. நான்கு தரப்புகள் சேர்ந்தன: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார அமைப்பு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு. ஆங்கிலேயர் ஆட்சி முடிந்து ஒன்பது ஆண்டுதான் ஆகியிருந்தது என்பதை நினைவில் வையுங்கள். நேற்றுவரை ஆண்டவர்களோடு இன்று ஒரே மேசையில் உட்காருவது எளிதாக இருந்திருக்காது. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமை ஏற்றார். கட்டடமும் பணியாளர்களும் பெரும்பாலும் இங்கிருந்தே. சளியைச் சோதிக்கும் ஆய்வுக்கூடமும் சென்னையிலேயே அமைந்தது, புள்ளிவிவரம் பார்க்கும் ஆட்களும் இங்கேயே உருவானார்கள். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இருந்துவிட்டு ஃபாக்ஸ் கிளம்பினார். நிறுவனம் கிளம்பவில்லை. முழுப் பொறுப்பும் இந்தியக் கைக்கு வந்தது. பெயர் இரண்டு முறை மாறி, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே சேத்துப்பட்டில் நிற்கிறது. வெளிநாட்டார் போன பிறகு பூட்டுத் தொங்கும் கட்டடங்கள் ஏராளம். இது அப்படி ஆகாததற்கு, முதல் நாளிலிருந்தே நம் அரசின் பணமும் ஆளும் உள்ளே இருந்தது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

மையம் பிறந்த நேரத்தில் சென்னை மாநிலத்தில் இன்னொரு சர்ச்சை சூடாக இருந்தது. பி.சி.ஜி. தடுப்பூசி. 1948 முதல் வெளிநாட்டு உதவியோடு நாடெங்கும் போடத் தொடங்கினார்கள். கிண்டியிலேயே தடுப்பு மருந்து தயாரிக்கும் கூடம் அமைந்தது. 1955-இல் ராஜாஜி இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். குழந்தைகளைக் கூட்டமாக நிறுத்தி ஊசி போடுகிறீர்களே, இது உண்மையில் காப்பாற்றுகிறதா, எங்கே சான்று என்பது அவர் கேள்வி. அறிவியலுக்கு எதிரி என்று அவரைப் பலர் ஒதுக்கினார்கள். அவர் சொன்ன காரணங்கள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் மக்கள் கேட்டால் சான்று காட்ட வேண்டியது ஊசி போடுகிறவர் கடமை. இந்தக் கதைக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

சேத்துப்பட்டில் என்ன செய்தார்கள்? நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. சீட்டுப் போட்டு எடுப்பது போன்ற முறையில் தீர்மானித்தார்கள். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வு, நல்ல சாப்பாடு, தாதியர் கவனிப்பு. வீட்டில் இருந்தவர்களுக்கு அதே நெரிசலான அறை, அதே அரைவயிறு. பலர் வேலைக்கும் போனார்கள். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது.

பி.ஏ.எஸ். லேசான மருந்து இல்லை. தினமும் பல கிராம் விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டால், பிறகு யார் அதை விழுங்குவார்கள்? மையத்தின் சுகாதாரப் பார்வையாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மருந்து உள்ளே போயிருந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். இதைக் கண்காணிப்பு என்று சொல்லலாம், அக்கறை என்றும் சொல்லலாம். இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். தெருத்தெருவாக, படி ஏறி இறங்கி நடந்த அந்தப் பெண்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. ஆராய்ச்சியின் பாரத்தில் பாதி அவர்கள் காலில் இருந்தது.

முடிவு 1959-இல் உலகச் சுகாதார அமைப்பின் இதழில் வந்தது. தொண்ணூறு பக்கத்துக்கு மேல். எழுதியவர் இடத்தில் தனி ஒருவரின் பெயர் இல்லை, சென்னை மையத்தின் பெயர்தான் இருந்தது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் நோய் அடங்கியவர்கள் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சிறு வித்தியாசமும் மறைந்துவிட்டது. வீட்டாருக்கு நோய் தொற்றியதா? வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் வரவில்லை. ஆபத்தெல்லாம் பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. தட்டையும் தம்ளரையும் தனியே வைத்த நம் வீடுகளுக்கு இதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்க முடியும்?

இந்த முடிவு சென்னையோடு நிற்கவில்லை. சானடோரியம் வேண்டாம் என்று பணக்கார நாடுகளும் மெல்ல மெல்ல முடிவுக்கு வந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பெரிய சானடோரியங்கள் மூடப்பட்டன. எதிரே நின்று மருந்து விழுங்க வைப்பது, வாரம் இருமுறை மட்டும் கொடுப்பது போன்றவை சென்னையிலும் ஹாங்காங்கிலும் வளர்ந்த முறைகள். 1990-களில் நியூயார்க் நகரில் காசநோய் மீண்டும் தலைதூக்கியபோது அவர்கள் கையில் எடுத்ததும் இதே வழி. கொடுப்பவர், வாங்குபவர் என்று நாம் வழக்கமாகப் போடும் கோடு இங்கே தலைகீழாகிறது. சேத்துப்பட்டு ஏழைகள் தங்கள் உடம்பால் தந்த விடையை உலகம் வாங்கிக்கொண்டது.

பெங்களூருவிலும் இதே காலத்தில் ஒரு நல்ல வேலை நடந்தது. 1959-இல் அங்கே தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கியது. தும்கூர்ப் பக்கத்துக் கிராமங்களில், உலகச் சுகாதார அமைப்பு அனுப்பிய டென்மார்க் அறிஞர் ஒருவரும் பானர்ஜி என்ற இந்திய அறிஞரும் சேர்ந்து விசாரித்தார்கள். கிராமத்தானுக்கு நோயைப் பற்றி அறிவில்லை, அவன் வரமாட்டான், நாம்தான் தேடிப் போக வேண்டும் என்று அதிகாரிகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். விசாரித்தால், அறிகுறி உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவமனைப் படி ஏறியிருந்தார்கள். ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இனி மனதை உறுத்துகிற பக்கம். இதை விட்டுவிட்டு நல்லதை மட்டும் சொன்னால் வரலாறு ஆகாது.

முதல் ஆய்வு முடிந்த கையோடு சென்னையில் அடுத்த ஆய்வு நடந்தது. பி.ஏ.எஸ். விலை அதிகம், ஐசோனியசிட் மலிவு. ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் போதுமா என்று பார்த்தார்கள். ஒற்றை மருந்து இரட்டை மருந்தைவிடத் தாழ்ந்தது, நோய்க்கிருமி அதற்குப் பழகிவிடும் என்பது பிரிட்டனில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அங்கே ஒருவருக்கு இனி அப்படிக் கொடுக்க மாட்டார்கள். இங்கே கொடுத்தார்கள். ஏழை நாடுகள் இரட்டை மருந்துக்குச் செலவழிக்க முடியாது, ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் என்பது அவர்கள் நியாயம். எதிர்பார்த்தபடியே முடிவு தாழ்வாகத்தான் இருந்தது. அந்த நியாயத்தை முழுவதும் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. கேள்வி நம்முடையதாக இருந்தாலும், பி.ஏ.எஸ். விலை யார் வைத்தது என்ற கேள்வி மேசைக்கே வரவில்லை. விலையை மாறாத இயற்கைபோல எடுத்துக்கொண்டு, நோயாளியை அதற்கு ஏற்றபடி வளைத்தார்கள்.

அதுவே பின்னும் நடந்தது. 1960-களின் பிற்பகுதியில் ரிஃபாம்பிசின் வந்தது. சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகக் குறைக்கலாம் என்பதைக் காட்டிய ஆய்வு, 1970-களின் தொடக்கத்தில் கென்யா, உகாண்டா, தான்சானியா, ஜாம்பியா நோயாளிகளிடம் நடந்தது. ஆனால் அந்த மருந்தை அன்றாடம் வாங்கும் நிலையில் அந்த நாடுகள் இல்லை. நம் நாட்டுத் திட்டத்திலும் அது மெல்ல நுழையத் தொடங்கியது 1980-களில்தான். அதுவரை நம்மவர்களுக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம் பழைய மருந்து.

பி.சி.ஜி. கதைக்கு வருகிறேன். 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் மிகப் பெரிய தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலகச் சுகாதார அமைப்பு, அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தின. சுமார் 2,60,000 பேர். பத்தாண்டு கழித்து வந்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை. கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயிலிருந்து அது காக்கிறது, ஆகவே பிறந்த குழந்தைக்கு இன்றும் போட வேண்டும், யாரும் இதைக் கேட்டுவிட்டுத் தவிர்த்துவிடக் கூடாது. ஆனால் 1955-இல் ராஜாஜி கேட்ட கேள்விக்கு விடை தெரியக் கால் நூற்றாண்டு ஆயிற்று என்பதையும் மறக்கக் கூடாது. தன்னம்பிக்கையோடு ஊசி போட்டவர்கள், தெரியாததைத் தெரியாது என்று மக்களிடம் சொல்லியிருக்கலாம்.

விலை என்ற கேள்வி மேசைக்கு வர ஆரம்பித்தது நம் காலத்தில். சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு முன்பு போட்ட ஊசிகள் பலருடைய காதைச் செவிடாக்கின. 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுயிலின் என்ற மாத்திரை அந்த ஊசிகளைத் தேவையில்லாமல் ஆக்கியது. ஆனால் காப்புரிமை ஒரே நிறுவனத்திடம். மூலக் காப்புரிமை 2023-இல் முடிகிறது என்றிருக்க, அதை மேலும் நான்கு ஆண்டு நீட்டிக்க நிறுவனம் இந்தியாவில் விண்ணப்பித்தது. அதை எதிர்த்து மனுப் போட்டவர்கள் இரண்டு பெண்கள்: மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென் ஆப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து பிழைத்தவர்கள், இருவரும் அந்தப் பழைய மருந்துகளால் கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. மலிவான மாத்திரைகளுக்கு வழி திறந்தது. இங்கே பணக்கார நாடு ஏழை நாடு என்ற கூட்டுக்கூட இல்லை, இரண்டு வளரும் நாடுகளின் நோயாளிகள் தாங்களே சேர்ந்துகொண்டார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சாப்பாட்டைப் பற்றி. சேத்துப்பட்டு ஆய்வில் வீட்டில் அரைவயிறாக இருந்தவர்களும் குணமானார்கள் என்றேன். இதிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பாடம்: மருந்துதான் முக்கியம், உணவு பெரிய விஷயம் இல்லை. உண்மையில் அந்த ஆய்வு சொன்னது அவ்வளவு இல்லை. சரியாக மருந்து சாப்பிட்டால், மோசமான உணவிருந்தும் பெரும்பாலோருக்கு நோய் அடங்கும் என்று மட்டுமே சொன்னது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உடல் எடை கூடுதலாக ஏறியது என்பதும் அதே பக்கங்களில் இருக்கிறது. ஆனாலும் பல பத்தாண்டுகளாகக் காசநோய்த் திட்டங்கள் மாத்திரைப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தன. பசித்த வயிற்றில் மாத்திரை விழுங்கி வாந்தி எடுத்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மத்திய அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் சத்துணவுக்கென்று கொடுக்கத் தொடங்கியது 2018-இல்தான். 2024-இல் அது ஆயிரமானது. அறிவியல் சான்று 2023 ஆகஸ்டில் வந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா முதலியோர் இந்தியப் பணத்திலேயே நடத்திய ஆய்வு அது. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேர். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள் உண்டு. பாதிக் குடும்பங்களில் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களுக்குச் சாவின் ஆபத்து குறைவாக இருந்தது. கொடுத்த பொருள்கள் அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய். நோயாளிக்கு மாதம் பத்து கிலோ, வீட்டில் மற்ற பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும்.